வீட்டில் ஒரு சொல், ஏட்டில் ஒரு சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, ஆண்டறிக்கை, நாவல், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது வந்தாலும் படிப்பேன். கொண்டுவருகிறவர்கள் கூடவே ஏதாவது ஒரு சொல்லைப் பற்றியும் கேட்டுவிட்டுப் போவார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில பதில்கள் இரண்டு வரி. விஷயம் அப்படி.

பேச்சுத் தமிழ் என்பது எழுத்துத் தமிழைக் கெடுத்துப் பேசுவதுதானே?

இல்லை. புத்தகத்தில் இருப்பது சுத்தம், வீட்டில் பேசுவது கொச்சை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லி வைத்துவிட்டார்கள். கெட்டுப்போன மொழி என்றால் அதில் ஒழுங்கு இருக்கக் கூடாது அல்லவா? கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இலையை எலை என்கிறோம். இடம் எடம், விலை வெலை, நிறம் நெறம். அதே மாதிரி உடம்பு ஒடம்பு, குடை கொடை, புகை பொகை. ஆனால் கிளியை யாரும் கெளி என்பதில்லை. புலி பொலி ஆவதில்லை, குருவி கொருவி ஆவதில்லை. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால்தான் முதலில் உள்ள இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். நடுவில் ஒற்று வந்துவிட்டால் பெரும்பாலும் மாறாது, கிண்ணம் கிண்ணம்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகூட இந்த விதியில் பிசகுவதில்லை. இதைப் போய்க் கொச்சை என்றால் எப்படி?

இரண்டும் இரண்டு வழக்கு. தொல்காப்பியப் பாயிரமே ‘வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்’ என்று பேச்சு வழக்கை முதலில் வைத்துத்தான் சொல்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழ் என்ற பேச்சு வழக்குக்குத் தனியாக ஓர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். வெளியிலிருந்து வந்தவர் இரண்டையும் தனித்தனியே படித்தால்தான் இங்கே பிழைக்க முடியும் என்று கண்டுகொண்டார். நாம்தான் ஒன்றை மட்டும் மொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எழுத்துக்கு அதன் பயன் உண்டு, மறுக்கவில்லை. பேச்சில் குடையும் கொடையும் ஒன்றாகிவிடும். மழைக்காலத்தில் நெல்லைப் பக்கம் ‘கொடைக்குப் போறவங்க கொடை எடுத்துட்டுப் போங்க’ என்றால், முதலில் வருவது கோயில் திருவிழா, அடுத்தது கையில் பிடிப்பது. கேட்பவருக்குக் குழப்பமே வராது. எழுதினால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

‘நாற்றம்’ என்றால் முன்பு நறுமணம்தான் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்கிறது 1274-ஆம் குறள். மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்தைப் போல, இவள் சிரிப்புக்குள் ஏதோ ஒன்று அடங்கியிருக்கிறது என்கிறான் காதலன். ஆண்டாள் சங்கைப் பார்த்து, கண்ணன் வாய் ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று கேட்கிறாள். இன்றைக்கு ஒரு பெண்ணிடம் ‘உன் தலை நாறுது’ என்று சொல்லிப் பாருங்கள், மல்லிகையைப் பற்றித்தான் சொன்னேன் என்று விளக்கம் சொல்ல நேரம் கிடைக்காது.

நாற்றம் முதலில் வெறும் ‘மூக்குக்குத் தெரிவது’. நல்லதென்று சொல்ல வேண்டுமானால் ‘நறு’ என்று ஒட்டு போட்டார்கள். அப்புறம் அந்தச் சொல் கெட்ட பக்கமே சாய்ந்துவிட்டது. மலையாளத்திலும் நாற்றம் கெட்டதுதான்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒரு சொல் போனதும் வேறு சொற்கள் வந்து வேலையைப் பங்கு போட்டுக்கொண்டதுதான். ஒரு நாள் காலையில் எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். முதல் வீட்டில் சாம்பிராணி மணம். அடுத்த வீட்டில் டிகாக்‌ஷன் வாசனை. மூன்றாவது வீட்டில் யாரோ மிளகாய் வறுக்கிறார்கள், அது மணமும் இல்லை வாசனையும் இல்லை, நெடி. நெடி தொண்டையைப் பிடிக்கும், இருமல் வரும். மீன் கூடையைக் கடந்தால் கவுச்சி. சரியாகக் காயாமல் மடித்து வைத்த துணியில் முடை. பலகாரம் செய்து பல நாள் ஆன டப்பாவைத் திறந்தால் சிக்கு வாடை. சாக்கடை ஓரம் வந்தால்தான் நாற்றம். ‘வாடை’ என்பது பாதிச் சமயம் நடுநிலை, பாதிச் சமயம் புகார். ‘என்ன வாடை வருது?’ என்று கேட்கும்போது நல்லதா கெட்டதா என்று கேட்பவருக்கே இன்னும் தெரியவில்லை என்று பொருள்.

அப்படியானால் பழைய பொருள்தானே சரியான பொருள்?

இந்தக் கேள்விக்கு என் பதில் எண்ணெய். எள் + நெய் = எண்ணெய், அதாவது நல்லெண்ணெய் மட்டும்தான். மூலப் பொருளைப் பிடித்துக்கொண்டால் தேங்காய் எண்ணெய் என்று சொல்லவே கூடாது. மண்ணெண்ணெய் கேட்கவே வேண்டாம். தண்ணீரும் அப்படித்தான், தண்மையான நீர். இருந்தும் ‘சுடுதண்ணி’ வைத்துக் குளிக்கிறோம், யாருக்கும் கூசவில்லை. ‘கேடில் விழுச்செல்வம்’ குறளில் ‘மாடல்ல மற்றை யவை’ என்று வரும் மாடு செல்வம். பால்காரரிடம் அந்தப் பொருளில் விசாரிக்க முடியாது.

சொல் எங்கிருந்து வந்தது என்பது அதன் ஜாதகம். இப்போது என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் பொருள்.

‘கறி’ என்றால் இறைச்சியா, காய்கறியா?

யார் வீட்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ‘கறி எடுக்கப் போறேன்’ என்றால் ஆட்டுக்கறி. எந்த ஆடு என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். சைவம் சமைக்கும் பல வீடுகளில் அதே சொல் வாழைக்காய் பொரியலைக் குறிக்கும். இலங்கையில் சோற்றோடு வருவது எல்லாமே கறி. காயாக இருந்தால் மரக்கறி. அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் யவனர் கப்பல் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’. அங்கே கறி, மிளகு. ரோமாபுரிக்காரர்கள் தங்கத்தைக் கொடுத்துவிட்டு ஆட்டுக்கறி வாங்கிப் போனதாக ஒரு கட்டுரையில் நானே படித்திருக்கிறேன். எழுதியவர் பழைய அகராதியைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

‘செத்தார்’, ‘இறந்தார்’, ‘காலமானார்’: எதை எழுதுவது?

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அச்சகத்துக்கு அஞ்சலி போஸ்டர் வந்தது. ‘இயற்கை எய்தினார்’ என்று இருந்தது. எனக்கு அது மொட்டையாகத் தெரிந்ததால் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று மாற்றிவிட்டேன். சாயங்காலம் மகன் வந்து நின்றார். கோபத்தில் குரல் எழும்பவில்லை. ‘எங்கப்பா எழுபது வருஷம் சாமி இல்லைன்னு சொன்னவர் சார். செத்த அன்னைக்கே கொண்டுபோய்ச் சேத்துட்டீங்களே’ என்றார். போஸ்டர் முழுவதையும் என் சம்பளத்தில் திரும்ப அடித்தோம்.

அன்றைக்குத்தான் புரிந்தது, சாவுக்குத் தமிழில் பொதுச்சொல் கிட்டத்தட்ட இல்லை. சைவர் சிவபதம் அடைவார், வைணவர் பரமபதம் அடைவார் அல்லது ஆசார்யன் திருவடி சேர்வார். புராட்டஸ்டன்ட் வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைவார். முஸ்லிம் வீட்டில் பேச்சில் மௌத், அறிவிப்பில் வஃபாத். பகுத்தறிவாளர் இயற்கை எய்துவார் அல்லது மறைவார். போனில் சொல்லும்போது இவை எதுவும் வராது. ‘அப்பா தவறிட்டாரு’, ‘போயிட்டாரு’ அவ்வளவுதான். செய்தித்தாளில் விபத்து என்றால் ‘உயிரிழந்தார்’, தலைப்பில் இடம் போதாவிட்டால் ‘பலி’. பலி என்பது சாமிக்குக் கொடுப்பது. லாரிக்குக் கொடுப்பதாக எழுதிப் பழகிவிட்டோம். ‘செத்தான்’ என்பது திட்டும்போதும், கொசுவைப் பற்றியும், மிக நெருங்கியவர் அழும்போதும் வரும்.

‘இறந்தார்’தான் இருப்பதில் நடுநிலையானது என்று தோன்றும். அதுவும் ஒரு காலத்தில் மறைத்துச் சொன்னதுதான். இறத்தல் என்றால் கடத்தல். இறந்த காலம் என்று இலக்கணத்தில் படித்தது செத்துப்போன காலம் அல்ல, கடந்துபோன காலம். துஞ்சுதல் இன்னும் வேடிக்கை. 926-ஆம் குறளில் ‘துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்’ என்று வரும்போது துஞ்சினார் தூங்குகிறவர். பிற்பாடு இலக்கணக்காரர்கள் செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு என்று உதாரணம் காட்டினார்கள். மறைத்துச் சொல்லும் சொல்லே நாளடைவில் நேர்ச்சொல் ஆகிவிடும், அப்புறம் அதை மறைக்க வேறொன்று தேட வேண்டியிருக்கும்.

எனவே என் பதில்: குடும்பத்தைக் கேட்டு எழுதுங்கள். கேட்க முடியாவிட்டால் ‘மறைந்தார்’ அல்லது ‘காலமானார்’.

புறப்படும்போது ‘போறேன்’ என்றால் பெரியவர்கள் ஏன் திட்டுகிறார்கள்?

‘போயிட்டு வரேன்’ என்பதில் திரும்பி வரும் உறுதி இருக்கிறது. விளக்கை அணைக்காமல் ‘குளிர வை’ என்பதும், கடையை மூடாமல் ‘எடுத்து வை’ என்பதும், தாலிக்கயிறு அறுந்தால் ‘பெருகிற்று’ என்பதும் இதே கணக்கு. நன்னூல் இதைத் தகுதி வழக்கு என்ற தலைப்பில் மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ‘கால் கழுவி வந்தேன்’ என்பது முதல் வகை, சுடுகாட்டை நன்காடு என்பது இரண்டாவது, பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது மூன்றாவது. இவை உரைகாரர்கள் கொடுத்த உதாரணங்கள். ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று. நம்பிக்கை இல்லை, ஆனாலும் வாய் வரவில்லை.

ஜன்னல், சாவி எல்லாம் தமிழா?

இல்லை, போர்ச்சுகீசியம். மேசை, அலமாரி, ஏலம், துவாலை, மேஸ்திரி, பீப்பாய், ஆயா, அன்னாசி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. துட்டும் கக்கூஸும் டச்சுக்காரர்கள் விட்டுப்போனவை. கோர்ட்டுக்குள் நுழைந்தால் அரபியும் பாரசீகமும்: வக்கீல், ஜாமீன், ஜப்தி, கைதி, ரத்து, அசல், நகல், வசூல், பாக்கி.

எடுத்து எறிய வேண்டுமா? 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு பல சொற்கள் உண்மையிலேயே மாறின. ‘அபேட்சகர்’ என்றால் இன்றைய பையனுக்குத் தெரியாது, வேட்பாளர் என்றால் தெரியும். அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார். ஜில்லா மாவட்டமாகி, அது டீக்கடைப் பேச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. பேருந்து மட்டும் பலகையிலேயே நிற்கிறது. பேருந்து நிலையம் என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் ‘பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்’ என்று போனில் சொல்கிறோம். மேடையிலும் பாடப்புத்தகத்திலும் நாள்தோறும் காதில் விழுந்த சொற்கள் வென்றன, பலகையில் மட்டும் எழுதியவை தோற்றன என்று நினைக்கிறேன். சாளரம் கவிதையில் இருக்கட்டும். காற்று வர ஜன்னலைத்தான் திறக்கப் போகிறோம்.

வந்த சொற்கள் வந்தபடியும் இருப்பதில்லை. ‘பார்சல்’ இங்கே தபால்காரரைவிட ஹோட்டல் சர்வருக்குத்தான் அதிகம் சொந்தம். ‘ஹோட்டல்’ என்றால் சாப்பிடும் இடம், தங்க முடியாது. ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்றால் ராணுவம் இல்லை, அசைவம். மாற்றுச் சக்கரத்துக்கு நாம் சொல்லும் ‘ஸ்டெப்னி’ வேல்ஸ் நாட்டில் அதைச் செய்துவிற்ற ஒரு கம்பெனியின் பெயர். இப்போது அது நம் லாரி டிரைவர்களின் தமிழ்.

‘எழுதினேன்’, ‘எழுதிவிட்டேன்’, ‘எழுதித் தள்ளினேன்’: எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. தமிழில் முதல் வினை நடந்ததைச் சொல்லும், பின்னால் ஒட்டுவது நடத்தியவரின் மனசைச் சொல்லும். கடிதம் ஒன்று எழுதப்பட்டது என்று வையுங்கள். ‘எழுதினேன்’ என்றால் தகவல். ‘எழுதிட்டேன்’ என்றால் வேலை முடிந்தது, இனி கேட்காதே. ‘எழுதி வச்சேன்’ என்றால் பின்னால் உதவும். ‘எழுதிக்கிட்டேன்’ என்றால் எனக்காக. ‘எழுதிக் கொடுத்தேன்’ என்றால் வேறொருவருக்காக. ‘எழுதிப் பார்த்தேன்’ என்றால் வருமா என்று முயன்றேன். ‘எழுதித் தள்ளினேன்’ என்றால் பக்கம் பக்கமாக. ‘எழுதித் தொலைச்சேன்’ என்றால் பிடிக்காமல். ‘எழுதிக் கிழிச்சேன்’ என்றால் எழுதவே இல்லை!

இந்தக் கடைசி ஒன்றுக்காகவே தமிழ் படிக்கலாம். ‘நீ படிச்சுக் கிழிச்சது போதும், வந்து சாப்பிடு’ என்று அம்மா சொல்லும்போது கிழிந்தது எதுவும் இல்லை, படித்ததும் இல்லை. ‘தொலை’யும் அப்படித்தான். ‘வந்து தொலை’ என்பதில் அழைப்பும் சலிப்பும் சேர்ந்தே இருக்கும். எழுத்துத் தமிழில் இவை எல்லாம் இருக்கின்றன, ஆனால் எழுதுகிறவர்கள் பயன்படுத்தப் பயப்படுகிறார்கள். அதனால்தான் பல மொழிபெயர்ப்புகளில் எல்லாரும் வெறுமனே வந்தார்கள், போனார்கள், சொன்னார்கள் என்று மரக்கட்டை போல நடமாடுகிறார்கள்.

நாம், நாங்கள்: வேறுபாடு என்ன?

கேட்பவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். விருந்தாளியிடம் ‘நாங்க சாப்பிடப் போறோம்’ என்றால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ‘நாம சாப்பிடலாம்’ என்றால் இலை போடலாம். ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று வேற்று ஆளை அழைக்கும்போது வீட்டில் அவருக்கும் பங்கு கொடுத்துவிடுகிறோம், பத்திரம் இல்லாமல்.

இலங்கைத் தமிழில் எந்தெந்தச் சொற்களில் தடுமாறுவோம்?

பெரிய சொற்களில் இல்லை, தினசரிச் சொற்களில்தான். அங்கே கதைப்பது பேசுவது. இங்கே ‘கதை விடாதே’ என்றால் பொய் சொல்லாதே. பாவிப்பது அங்கே பயன்படுத்துவது. இங்கே பாவித்தல் என்றால் அப்படி இருப்பதாக எண்ணிக்கொள்வது. ‘இந்தப் பேனையைப் பாவியுங்கோ’ என்று கேட்ட என் நண்பர் சில வினாடி பேனாவைத் தியானித்தார். ஓம் என்றால் ஆமாம், கெதியா என்றால் சீக்கிரம், பகிடி என்றால் கேலி, வடிவு என்றால் அழகு. ‘சரியான சூடு’ என்பதில் சரி பார்க்க எதுவும் இல்லை, ரொம்பச் சூடு.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘வெளிக்கிட்டாச்சா?’ என்று யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டால் புறப்பட்டாயிற்றா என்று பொருள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ‘வெளிக்குப் போறது’ என்றால் வேறு வேலை. கல்யாண வீட்டு வாசலில் வைத்து ஒரு மாமா இதைக் கேட்டு, மாப்பிள்ளை வீட்டார் முழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

‘பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று எழுதலாமா?

எழுதலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் கேட்பவர் யார் என்று தெரிந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் ‘படு’ வருகிறது. ‘மேற்கொள்’ அதைவிட மோசம். ஆய்வு மேற்கொண்டார், பயணம் மேற்கொண்டார், சாப்பாடு மேற்கொள்வதுதான் பாக்கி. ஆய்ந்தார், போனார் என்றாலே போதும்.

எந்த அகராதியைப் பார்ப்பது?

இன்றைய பொருளுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதல் பதிப்பு 1992, பிறகு 2008, 2020. சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுவதுதான் அதன் பலம். பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-இல் பிற்சேர்க்கை. வட்டார வழக்குக்கு, 1982-இல் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் அகராதி ஒரு நல்ல தொடக்கம்.

எங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் சொற்களை எழுத்தில் பயன்படுத்தலாமா?

‘எங்கள் வீட்டில் மட்டும்’ என்று நினைப்பது பாதிக்கு மேல் ஊர் முழுக்க இருக்கும். என் பாட்டி சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சணம் என்பாள். நகரத்துக்கு வந்த பிறகு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வெட்கம். பாட்டி ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். பின்னால்தான் தெரிந்தது, அது வியஞ்சனம் என்ற வடசொல். மதுரைக்குத் தெற்கே பல ஊர் அடுப்படிகளில் இன்றும் கேட்கலாம். சைட் டிஷ் என்று மெனு கார்டில் போடுகிற அதே சங்கதி. போன வாரம் ஒரு நாவலில் ‘பக்க உணவு’ என்று இருந்ததை அடித்துவிட்டு ஓரத்தில் வெஞ்சணம் என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் இன்னும் பதில் போடவில்லை.